தொட்டிக்குள் விடும் பூச்சி

ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்போருள் பெரும்பாலோர், தங்கள் சிரத்தை முழுவதையும் பல்லியின்மீதோ ஓணானின்மீதோ செலுத்திவிட்டு, அதற்கு ஆகாரமாகக் கடையிலிருந்து வாங்கிவரும் பூச்சிகளைப் பற்றிச் சிறிதும் கவலைகொள்ளாமல், வந்த டப்பாவிலேயே நான்கைந்து நாள் அவற்றைப் பட்டினியாகக் கிடக்கவிட்டு, பசியும் தாகமும் பொறுக்கமாட்டாமல் அவை ஒன்றையொன்று தின்னத் தொடங்கிய நிலையில் எடுத்துத் தொட்டிக்குள் கொட்டிவிடுகிறார்கள். விளக்குக்கும் உஷ்ணமானிக்கும் பாறைக்கும் மரக்கிளைக்கும் தாராளமாகச் செலவிட்டவர்கள்கூட, தங்கள் பிராணி நாள்தோறும் விழுங்குகிற வஸ்து எங்கே வாழ்ந்தது, எதைத் தின்றது என்று விசாரிப்பதில்லை. பூச்சியின் வயிற்றில் உள்ளதெல்லாம் ஓணானின் வயிற்றுக்கே போய்ச் சேர்கிறது என்பதையும், விழுங்கப்படாமல் தப்பிய பூச்சி தொட்டிக்குள் சும்மா இருப்பதில்லை என்பதையும் ஒருவர் நன்கு உணர்ந்துவிட்டால், இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் முறைகளில் பெரும்பகுதி அவருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

உதாரணத்துக்கு இரண்டு பிராணிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வறண்ட நிலங்களில் வாழும் தாடி ஓணான். கடைக்காரர்கள் ‘பியர்டட் டிராகன்’ என்று சொல்வது இதையே. ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் நாட்டு வனஜீவராசிகளை வியாபாரத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்வதை நெடுங்காலமாகத் தடுத்து வந்திருப்பதால், இன்று உலகெங்கும் வீடுகளில் காணப்படுபவை தலைமுறை தலைமுறையாக வளர்ப்பிடங்களிலேயே பிறந்தவை. மற்றொன்று, ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பிரதேசங்களைப் பூர்விகமாகக் கொண்ட சிறுத்தைப் பல்லி. முன்னது பகலில் வெயில் காய்ந்து, உடல் சூடேறிய பின்பு இரை தேடுவது. பின்னது அந்தி சாய்ந்த பிறகே வெளிப்படுவது. தாடி ஓணான் குட்டிப் பருவத்தில் பூச்சிகளையே பெரிதும் உண்டு, வளர்ந்தபின் இலை தழைகளைப் பிரதான ஆகாரமாகக் கொள்ளும். சிறுத்தைப் பல்லியோ ஆயுள் முழுவதும் பூச்சிகளையே நம்பியிருக்கும். எதை எங்கே வளர்க்கச் சட்டம் இடங்கொடுக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்வது நலம். நம் நாட்டு உடும்பு, பச்சோந்தி போன்றவை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைப் பிடித்துவந்து வளர்ப்பதற்கு இந்நூலில் எந்த வழியும் சொல்லப்படவில்லை.

இரைப்பூச்சிகளில் முதலிடம் பெறுவது சுவர்க்கோழி. துள்ளி ஓடும் சுபாவம் உடையதாகையால் எப்படிப்பட்ட மந்தமான பல்லியையும் அது வேட்டைக்குக் கிளப்பிவிடும். கொழுப்பும் அதில் குறைவு, நூற்றுக்கு ஏழு பங்குக்குள் அடங்கும். அடுத்தது தென்னமெரிக்காவைச் சேர்ந்த டூபியா கரப்பான். சமையலறைக் கரப்பானின் இனத்தது என்று கேட்டதுமே முகம் சுளிப்பவர் உண்டு; ஆனால் வழவழப்பான கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஏறமாட்டாமை, சத்தமிடாமை, துர்நாற்றமின்மை, நீண்ட ஆயுள் ஆகிய நான்கு குணங்களால் வளர்ப்பதற்கு அதைவிட உகந்த பூச்சி வேறில்லை என்பதே என் அபிப்பிராயம். மீல்வார்ம் என்று விற்கப்படும் மஞ்சள் புழு, தானியக் கிடங்குகளில் காணப்படும் ஒரு கறுப்பு வண்டின் குழந்தைப் பருவம். சூப்பர்வார்ம் என்பது அதைவிடப் பெரிய வேறொரு வண்டின் புழு. இவ்விரண்டிலும் கொழுப்பு அதிகம். தேனீ வளர்ப்போர் தங்கள் அடைகளுக்குப் பகையாகக் கருதும் மெழுகுப் பூச்சியின் புழுவும் கடைகளில் கிடைக்கும். அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பே. அதன் ருசியைக் கண்ட பல்லி மற்ற இரையைத் தொட மறுத்துவிடுவதுமுண்டு. ஆகவே நோயுற்று மெலிந்த பிராணியைத் தேற்றுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதே விவேகம். பட்டுப்புழு மிருதுவானது, நல்லது. முசுக்கொட்டை இலை கிடைக்கும் ஊர்களில் அதை வளர்ப்பது சாத்தியம். படைவீரன் ஈயின் புழுவைப் பற்றிக் கால்சியத்தைக் குறித்துப் பேசும்போது சொல்வேன்.

சுவர்க்கோழிகளை வாங்கி வந்த அன்றே செய்யவேண்டிய காரியம், அவற்றை விசாலமான ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுவதாகும். மூடியில் பெரிதாக ஒரு சதுரம் வெட்டி, அதன்மேல் உலோக வலையைப் பொருத்தவேண்டும். நைலான் வலையை அவை கடித்துத் துளைத்துவிடும். பெட்டிக்குள் முட்டை அட்டைகளை, எச்சம் கீழே விழும்படி, செங்குத்தாக நிறுத்தி அடுக்கினால், குறுகிய இடத்திலேயே பல பூச்சிகள் ஒன்றையொன்று நெருக்காமல் தங்குவதற்குப் போதிய பரப்பு கிடைக்கும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான உஷ்ணம் அவற்றுக்கு ஏற்றது. நம் ஊர்களில் இதற்காகத் தனியே சிரமப்பட வேண்டியதில்லை. சுவர்க்கோழிகள் கூட்டமாக மாண்டுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரமும் காற்றோட்டமின்மையுமே. பெட்டியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால், சாவு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் விழுந்து மூழ்கும். பஞ்சை நனைத்து வைத்தால் அது இரண்டொரு நாளில் அழுகி நாறும். எனவே காரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றின் துண்டுகளால் தாகத்தைத் தீர்ப்பதும், அத்துண்டுகளை வாடுமுன் மாற்றுவதும் போதுமானது. காய்கறிகளை நன்றாகக் கழுவவேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்தில் பூச்சிகளைக் கொல்லத் தெளித்த மருந்து, பெட்டியில் இருக்கும் பூச்சிகளையும் கொல்லத்தான் செய்யும்.

சுவர்க்கோழிகளை வீட்டிலேயே பெருக்க விரும்புவோர், ஈரமான தென்னைநார்த் தூள் நிரப்பிய சிறு தட்டு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால், பெண் பூச்சி தன் பின்புறத்தில் ஊசிபோல் நீண்டிருக்கும் உறுப்பைத் தூளில் செருகி முட்டையிடும். 30 டிகிரி உஷ்ணத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் எள்ளினும் சிறிய குஞ்சுகள் வெளிவரும். அவை முதிர்வதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதிர்ந்த பின்னர் அவை வாழ்வது சில வாரங்களே. ஆண் பூச்சிதான் முன்னிறகுகளை உரசி இரவெல்லாம் ஒலியெழுப்பும் என்பதையும், வீட்டில் உறக்கம் குறைந்தவர்கள் இருந்தால் அது பெரிய உபத்திரவமாக முடியும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு செய்தியும் உண்டு. ஐரோப்பாவில் 1977 ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஒருவகை வைரஸ், வீட்டுச் சுவர்க்கோழி என்ற இனத்தை மாத்திரம் பெருவாரியாகத் தாக்கி, பின்னர் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவின் சுவர்க்கோழிப் பண்ணைகளையும் பாழாக்கியது. அதன் பிறகே பல பண்ணைக்காரர்கள் வேறு இனச் சுவர்க்கோழிகளுக்கு மாறினார்கள். இந்நோய் பல்லிக்குத் தொற்றுவதன்று. ஆயினும் புதிதாக வாங்கிய பூச்சிகளைப் பழைய கூட்டத்தோடு உடனே கலக்காமல், ஒரு தொகுதி தீர்ந்ததும் பெட்டியை வெந்நீரால் கழுவி உலர்த்தி, அட்டைகளை எறிந்துவிட்டு அடுத்த தொகுதியைத் தொடங்குவது என்ற வழக்கத்துக்கு இந்த அனுபவமே போதுமான நியாயம்.

டூபியா கரப்பானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருட்டும், முட்டை அட்டையும், 30 டிகிரியை ஒட்டிய உஷ்ணமும் இருந்தால் அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். முட்டைக்கூட்டைத் தன் உடலுக்குள்ளேயே வைத்துக் காத்து, ஒரு முறைக்கு இருபது முப்பது குஞ்சுகளை உயிரோடு ஈனும். குஞ்சு முதிர்வதற்கு நான்கைந்து மாதங்கள் ஆகுமாகையால், தொடக்கத்தில் பொறுமையாக இருந்து கூட்டம் பெருகிய பிறகே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். மீல்வார்முக்குக் கோதுமைத் தவிடே வீடும் உணவுமாகும். வேண்டாத காலத்தில் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வாரம் ஒரு முறை வெளியே எடுத்து, ஒரு நாள் தின்னவிட்டு மீண்டும் வைக்கலாம். சூப்பர்வார்முக்கு இந்த உபாயத்தைச் செய்தால் அது செத்துப்போகும். கூட்டத்தோடு இருக்கும்வரை சூப்பர்வார்ம் கூட்டுப்புழுவாக மாறுவதில்லை என்பதும், ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிமிழில் அடைத்தால்தான் மாறும் என்பதும் அதன் விசித்திரமான இயல்பு. விழுங்கப்பட்ட புழு பல்லியின் வயிற்றைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் என்று பலர் நம்புவது ஆதாரமற்றது. பல்லின் நசுக்கலுக்கும் வயிற்று அமிலத்துக்கும் தப்பி எந்தப் புழுவும் அவ்வாறு செய்ய இயலாது.

இனி இவ்வத்தியாயத்தின் பிரதான விஷயத்துக்கு வருவோம். வளர்க்கப்படும் பல்லிகளையும் ஓணான்களையும் வாட்டும் வியாதிகளுள் மிகக் கொடியதும், மிகச் சுலபமாகத் தடுக்கக்கூடியதும் எலும்பு மெலிவு நோயே. எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் இன்றியமையாத கால்சியம், ஆகாரத்தில் பாஸ்பரஸைவிட மிகுந்திருக்கவேண்டும். இரண்டுக்கு ஒன்று என்ற அளவு உத்தமம், ஒன்றுக்கு ஒன்று என்பது கடைசி எல்லை. ஆனால் பூச்சிகளுக்கு எலும்பு கிடையாது. அவற்றின் மேலோடு கைட்டின் என்ற வேறொரு பொருளால் ஆனது. ஆகவே சுவர்க்கோழியிலும் மீல்வார்மிலும் ஒரு பங்கு கால்சியத்துக்கு ஏழெட்டுப் பங்கோ அதற்கு மேலுமோ பாஸ்பரஸ் இருக்கிறது. இத்தகைய ஆகாரத்தையே மாதக்கணக்கில் உண்ணும் குட்டியின் இரத்தத்தில் கால்சியம் குறையும்போது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அந்தக் குறையை நிரப்புவதற்காக எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்துவிடுகிறது. முதலில் விரல்கள் துடிக்கும். பின்னர் தாடை மெத்தென்று வளையும். முதுகும் வாலும் கோணும். கிளையிலிருந்து குதித்த அளவிலேயே கால் முறியும். வளர்ப்போர் கண்ணுக்கு இவை புலப்படும்போது எலும்பில் பெரும்பகுதி ஏற்கனவே செலவாகியிருக்கும். வளைந்த எலும்பு நிமிர்வதில்லை. அந்த ஜீவன் தன் குறையைச் சொல்ல வாயற்றது. அதன் உணவு முழுவதும் நம் கையில் இருக்கிறது. ஆகையால் இந்த ஒரு விஷயத்தில் அசட்டையாக இருப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை என்று கருதுகிறேன்.

இக்குறையை ஈடுசெய்ய இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் சேர்த்தே கையாளவேண்டும். முதலாவது, பூச்சியின் குடலைச் சத்தான உணவால் நிரப்பி அனுப்புவது. மேரி ஆலன், ஓலாவ் ஆஃப்டெடல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனைகள் இத்துறையில் முக்கியமானவை. சாதாரணத் தானிய மாவையோ கோழித் தீவனத்தையோ தின்ற சுவர்க்கோழியால் பயனில்லை என்பதும், நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவுக்குக் கால்சியம் கலந்த தீவனத்தை இரண்டு நாள் தின்ற சுவர்க்கோழியிலேயே கால்சியமும் பாஸ்பரஸும் சமநிலையை எட்டுகின்றன என்பதும் அவற்றால் விளங்கின. காரட் துண்டைப் போட்டுவிட்டு ‘வயிற்றை நிரப்பிவிட்டேன்’ என்று திருப்தியடைவோர் இதைக் கவனிக்கவேண்டும். காரட் தாகத்தைத் தீர்க்குமேயன்றிக் கால்சியத்தைத் தராது. ஆகவே இரைக்கு விடுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, வேண்டிய எண்ணிக்கையை மட்டும் ஒரு தனி டப்பாவில் பிரித்து, இதற்கென்றே விற்கப்படும் கால்சியம் மிகுந்த மாவையும், முருங்கை, கடுகு ஆகியவற்றின் கீரைகளையும் கொடுக்கவேண்டும். பாலக் கீரை வேண்டாம். அதிலுள்ள ஆக்ஸலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துப் பயன்படாமல் செய்துவிடும். கால்சியம் மிகுந்த தீவனத்தை இனப்பெருக்கத்துக்காக வைத்திருக்கும் கூட்டத்துக்கு நிரந்தரமாகக் கொடுப்பதும் கூடாது. சில நாட்களுக்கு மேல் அதையே உண்ணும் பூச்சிகள் இறக்கத் தொடங்கும். குடல் நிரம்பிய பூச்சியை அன்றே விட்டுவிடவேண்டும். ஒரு நாள் பட்டினி கிடந்தால் தின்றதெல்லாம் எச்சமாக வெளியேறி, செய்த காரியம் வீணாகும்.

இரண்டாவது வழி, கால்சியம் கார்பனேட் பொடியைப் பூச்சியின்மேல் பூசுவது. ஒரு டம்ளரிலோ பாலித்தீன் பையிலோ ஒரு சிட்டிகைப் பொடியை இட்டு, பூச்சிகளைப் போட்டு மெதுவாகக் குலுக்கினால், அவை மெல்லிய வெண்மையுடன் வெளிவரும். அதற்குமேல் அப்பவேண்டியதில்லை, மாவில் புரட்டியது போலிருந்தால் பல்லியே முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். சுவர்க்கோழி தன் உடம்பைத் தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கமுடையது. சில நிமிஷங்களிலேயே பொடியில் பெரும்பகுதி உதிர்ந்துபோகும். ஆதலால் பூசிய கையோடு இரையாக விடவேண்டும். வளரும் குட்டிகளுக்குத் தினமும் ஒரு வேளையும், வளர்ந்தவற்றுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறையும் கால்சியப் பொடி பூசுவதும், வாரத்துக்கு ஒரு தரம் வைட்டமின் ஏ உள்ளிட்ட பல வைட்டமின்கள் கலந்த பொடியைப் பூசுவதும் பொதுவான வழக்கம். தாடி ஓணானுக்குப் புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கு இல்லாவிட்டால் எவ்வளவு பொடி பூசினாலும் பயன் அரைகுறையே. 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அக்கதிர்கள் தோலில் படும்போதுதான் வைட்டமின் டி3 உண்டாகி, குடலிலிருந்து கால்சியம் இரத்தத்தில் சேர்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அக்கதிர்கள் இல்லை. யூவிபி விளக்கு இல்லாமல் வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லிக்கு டி3 கலந்த பொடியைக் கொடுக்கலாம். ஆனால் அந்த வைட்டமின் மிகுந்தாலும் உறுப்புக்களில் சுண்ணாம்பு படியும், ஆதலால் பொடியின் டப்பாவில் குறித்துள்ள அளவை மீறலாகாது. முன்னே சொன்ன படைவீரன் ஈயின் புழு, தன் தோலிலேயே கால்சியம் கார்பனேட்டைச் சேமிப்பதால், பாஸ்பரஸைவிடக் கால்சியம் மிகுந்திருக்கும் அபூர்வமான பூச்சியாகும். அதைப் பொடி பூசாமலே கொடுக்கலாம்.

பூச்சியைத் தொட்டிக்குள் விடும் முறையில் கவனிக்கவேண்டியவை சில. பல்லியின் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய இரையைக் கொடுக்கலாகாது. இவ்விதியை மீறி, பெரிய பூச்சியைக் கொடுத்தால் பாதி எண்ணிக்கை போதும் என்று சிக்கனம் பார்ப்பதால் குடல் அடைபட்டு மாண்ட குட்டிகள் அநேகம். தாடி ஓணானுக்கு, விளக்கு எரிந்து உடல் நன்றாகச் சூடேறிய பிறகும், இரவு விளக்கை அணைப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னதாகவும் இரை வைக்கவேண்டும். உடல் குளிர்ந்திருந்தால் ஜீரணம் நடைபெறாது. சிறுத்தைப் பல்லிக்கு அந்தி நேரமே உசிதம். பத்து நிமிஷம் அல்லது கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே ஒரு வேளைக்குப் போதும். ஒரே சமயத்தில் முப்பது பூச்சிகளைக் கொட்டாமல், இரண்டு மூன்றாக விட்டு, அவை தீர்ந்ததைக் கண்ணால் பார்த்த பின்பு மேலும் இரண்டு மூன்று விடுவது என்ற ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் தொல்லைகளில் முக்கால்வாசி எழாது. வளர்ந்த சுவர்க்கோழி மிக வேகமாக ஓடினால், டப்பாவைச் சில நிமிஷம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து அதன் வேகத்தைக் குறைக்கலாம். பின்னங்காலை முறித்து விடும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை. புழுக்களை, உட்புறம் வழவழப்பாகவும் சுவர் செங்குத்தாகவும் உள்ள பீங்கான் கிண்ணத்தில் வைக்கவேண்டும். முனை மழுங்கிய இடுக்கியால் ஒவ்வொன்றாக ஊட்டுவது எல்லாவற்றிலும் துப்புரவான முறை. பிராணி நம்மிடம் பழகுவதற்கும் அது உதவும்.

தின்னப்படாமல் எஞ்சிய பூச்சிகளை உடனே அப்புறப்படுத்தவேண்டும். பகலில் பல்லிக்கு இரையாக இருக்கும் சுவர்க்கோழி, இரவில் பல்லி உறங்கும்போது அதைக் கடிக்கும் பகையாக மாறிவிடுகிறது. இது மிகையன்று. சுவர்க்கோழி எதையும் தின்னும். பசியும் தாகமும் மேலிட்டால் கண் இமையின் ஓரம், விரல் நுனி, வால் அடி, எச்சவாய் முதலிய மெல்லிய தோல் உள்ள இடங்களைக் கடித்துக் குதறும். உடல் குளிர்ந்து அசைவற்றிருக்கும் ஓணானால் அதை உதறித் தள்ளவும் முடியாது. தோல் உரிக்கும் சமயத்திலும், நோயுற்ற காலத்திலும், குளிர்காலத்தில் தாடி ஓணான் உணவை வெறுத்து நீண்ட உறக்கத்தில் ஆழும் நாட்களிலும் ஒரு பூச்சிகூடத் தொட்டிக்குள் இருக்கலாகாது. குட்டிகளை இரவெல்லாம் பூச்சிகள் மேலேறி மிதித்துக்கொண்டிருந்தால், கடி இல்லாவிட்டாலும், அந்த ஓயாத தொந்தரவினாலேயே அவை உணவை வெறுத்துவிடும். ‘பூச்சியைக் கண்டாலே என் ஓணான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது’ என்று முறையிடுவோர் தொட்டியை ஒரு முறை நள்ளிரவில் டார்ச் விளக்கோடு பார்க்கவேண்டும்.

தப்பிய பூச்சிகள் தங்குமிடங்கள் சிலவே: பாறையின் அடிப்புறம், செயற்கைப் பின்சுவரின் இடுக்கு, மரப்பட்டையின் பொந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் கீழ்ப்புறம். தொட்டியை முதலில் அமைக்கும்போதே இத்தகைய இடுக்குகளைக் குறைத்து, கையால் எளிதில் தூக்கக்கூடிய பொருள்களையே வைப்பது புத்திசாலித்தனம். மாலையில் ஒரு முட்டை அட்டைத் துண்டைச் சுருட்டி, அதனுள் காரட் துண்டு ஒன்றை வைத்துத் தொட்டியின் குளிர்ந்த மூலையில் போட்டுவிட்டால், இரவில் அலையும் சுவர்க்கோழிகள் உணவையும் மறைவிடத்தையும் தேடி அங்கே கூடும். விடிந்ததும் அட்டையை அப்படியே எடுத்து ஒரு டப்பாவில் உதறிவிடலாம். அந்தக் காரட் துண்டு, கண்ணில் படாமல் எஞ்சிய ஒன்றிரண்டு பூச்சிகள் ஓணானைக் கடிக்காதபடி அவற்றின் பசியைத் தணித்தும் வைக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு கூழாங்கல்லை இட்டால் பூச்சிகள் விழுந்து செத்து நீரைக் கெடுப்பது குறையும்; விழுந்ததை அன்றன்றே நீக்கவேண்டும். கிண்ணத்திலிருந்து தப்பிய மீல்வார்ம் மண்ணுக்குள் புகுந்து, கூட்டுப்புழுவாகி, சில வாரங்கள் கழித்துக் கறுப்பு வண்டாக வெளிவரும். அடித்தளத்தில் திடீரென்று வண்டுகள் தென்பட்டால் அவை எங்கிருந்தோ வந்தவையல்ல.

அவ்வாறு பிடித்த பூச்சிகளை மறுபடியும் பூச்சிப் பெட்டியில் சேர்ப்பது கூடவே கூடாது. தொட்டிக்குள் ஓர் இரவு திரிந்த சுவர்க்கோழி, பிராணியின் எச்சத்தின்மேல் நடந்திருக்கும். அதைத் தின்றும் இருக்கும். தாடி ஓணான்களில் சாதாரணமாகக் காணப்படும் காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும், ஊசிப்புழுவின் முட்டைகளும், சிறுத்தைப் பல்லியை வாலெல்லாம் வற்றி எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரும் இவ்வழியாகவே மீண்டும் மீண்டும் வயிற்றில் சேரும். மருத்துவர் கொடுத்த மருந்தால் குணமான பிராணி இரண்டு மாதத்தில் அதே நோயோடு திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு தொட்டிகள் வைத்திருப்போர், ஒன்றில் மிஞ்சியதை மற்றொன்றில் விடுவது இன்னும் பெரிய தவறு. ஒரு தொட்டியின் நோயை மற்றதற்குத் தாமே சுமந்து செல்வதாகும் அது.

தொட்டிக்குள் நிரந்தரமாகக் குடியிருக்க நாமே அனுமதிக்கும் பூச்சிகளும் உண்டு. ஈரமான மண்ணும் செடிகளும் உள்ள தொட்டிகளில், ஸ்ப்ரிங்டெயில் என்ற கண்ணுக்கு எட்டியும் எட்டாத வெண்ணிறத் துள்ளுபூச்சிகளையும், ஐஸோபாட் எனப்படும் சிறு மரப்பேன்களையும் விட்டால், அவை பூஞ்சணத்தையும் எச்சத்தையும் தின்று மண்ணைச் சுத்தமாக வைத்திருக்கும். அவற்றை வெண்ணிறப் பேன்களோடு குழப்பிக்கொள்ளலாகாது. தவிட்டின்மேல் சாம்பல் தூவியது போலத் தோன்றி, உற்றுப் பார்த்தால் நகர்வது தானியப் பேன். ஈரம் மிகுந்ததன் விளைவு அது. காய்கறித் துண்டுகளை நிறுத்தி, பெட்டியைச் சில நாள் உலரவிட்டால் மடியும். புதுத் தவிட்டை உபயோகிக்குமுன் சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் அது வருவதையே பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

காசு கொடுத்து வாங்குவானேன், தோட்டத்தில் எத்தனையோ பூச்சிகள் இருக்கின்றனவே என்று எண்ணுவோருக்குச் சில வார்த்தைகள். வயலிலும் தோட்டத்திலும் உள்ள பூச்சி எந்த மருந்தைத் தின்றிருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றி வந்து விழும் ஈசலும், வீட்டில் மருந்து தெளிக்கப்பட்டிருந்தால், அவ்வாறே சந்தேகத்துக்கு இடமானது. அதைவிடவும் பெரிய அபாயம், சில பூச்சிகள் இயற்கையிலேயே விஷமுடையவை என்பது. அமெரிக்காவில் மின்மினிகளை விழுங்கிய தாடி ஓணான்கள் சிறிது நேரத்துக்குள் வாயைப் பிளந்து, நிறம் கறுத்து இறந்துபோன செய்திகள் 1999 ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தன. மின்மினியின் உடலில் இருதயத்தைத் தாக்கும் ஒரு நஞ்சு உள்ளது. ஒரே ஒரு மின்மினி ஓர் ஓணானைக் கொல்லப் போதும். மின்மினியோடு பழகி வாழும் பிரதேசங்களின் பல்லிகள் அதை ஒதுக்கக் கற்றிருக்கலாம். வேறொரு கண்டத்திலிருந்து வந்த ஓணானுக்கு அந்த எச்சரிக்கை உணர்வு கிடையாது, அசைந்து மின்னுவது எதுவாயினும் அது பாய்ந்து பிடித்துவிடும். நம் ஊர்ப் பாதையோரங்களில் எருக்கஞ்செடியில் மேயும், மஞ்சளும் நீலமுமாக வண்ணம் பூசினாற்போன்ற வெட்டுக்கிளியும் அவ்வகையே. எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்திருப்பது அது. பளிச்சென்ற நிறமுள்ள எந்தப் பூச்சியையும் தொட்டிக்குள் விடாதிருப்பதே நலம்.

வளர்ப்போரின் சொந்த சுகத்தையும் மறக்கலாகாது. சுவர்க்கோழியும் கரப்பானும் மீல்வார்மும் உதிர்க்கும் தோலும் எச்சத் தூளும், நாளடைவில் சிலருக்குத் தும்மலையும் தோலரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது வாயையும் மூக்கையும் கவசத்தால் மூடிக்கொண்டு, கூடுமானால் திறந்த வெளியில் செய்யவேண்டும். ஊர்வன பலவற்றின் குடலில் சால்மொனெல்லா கிருமி தங்கியிருக்குமாதலால், தொட்டியையோ அதற்குள் இருந்த பூச்சியையோ தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சமையலறைப் பக்கம் போகக்கூடாது. பூச்சிகளின் கிண்ணத்தையும் இடுக்கியையும் சமையல் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவுவதும் தகாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்.

தொட்டியிலிருந்து பிடித்து எடுத்தவை, அளவுக்கு மீறிப் பெருகியவை, முதிர்ந்துபோனவை ஆகிய பூச்சிகளைத் தோட்டத்திலோ சாக்கடையிலோ விட்டுவிடுவது, வேற்று நாட்டு இனங்களை நம் மண்ணில் குடியேற்றுவதாகும். டூபியா கரப்பானைப் பொறுத்தவரை, நம் ஊரின் உஷ்ணம் அதற்குச் சொந்த ஊரின் உஷ்ணத்தைப் போலவே இதமானது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அவற்றை ஒரு பையில் கட்டி, உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்து, அதன் பின்னர்க் குப்பையில் சேர்க்கவேண்டும். முட்டையிட்ட தூளையும் பழைய தவிட்டையும்கூட இவ்வாறே உறையவைத்த பிறகுதான் எறியவேண்டும். கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் குஞ்சுகளும் அவற்றில் இருக்கும்.